காலியாகப் போகும் வண்டி

"போனைக் கீழ வைங்க. நீங்க தடவத் தடவ விலை ஏறுது."

"நான் தடவுறதுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் பொறு, இறங்கும்."

"நீங்க பொறுப்பீங்க. உங்க அண்ணன் பொறுப்பாரா? மூணு மணிக்கு ஆபரேஷன்."

"மூணு மணிக்குத்தானே. இப்ப ஏழரைதான் ஆகுது."

இந்தச் சத்தம் தெரு முனை வரை கேட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் காலைச் சண்டை புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் மனைவியின் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அதனால் அக்கம்பக்கத்தில் யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் என்று சொன்னால் தெருவில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. 'ஆஃபர்' என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். குடையைக் கோடையில் வாங்குவார், மின்விசிறியை மழைக்காலத்தில். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக அவர் வீட்டில் இரண்டு தையல் மெஷின்கள் நிற்கின்றன. தைக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒன்றின் மேல் டிவி, இன்னொன்றின் மேல் இஸ்திரித் துணி.

அவருக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒரு அண்ணன். ஐந்து மணி நேரப் பயணத் தூரத்தில் இன்னொரு ஊரில் இருந்தார். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனியாக ஒற்றை அறையில் வாசம். சங்கிலி பிடித்து அளந்த பழக்கத்தில், எதையும் அங்குலம் பிசகாமல் செய்கிறவர். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'ரூல்ஸ்'.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. சொத்துத் தகராறு என்று எதிர் வரிசையில் சிலர் சொல்வார்கள், அது தெரியாமல் பேசுவது. காரணம் ஒரு மூக்குக்கண்ணாடி.

ரூல்ஸ் ஓய்வு பெற்ற விழாவுக்கு, தம்பி என்ற முறையில் ஆஃபர் ஒரு புதுக் கண்ணாடி பரிசளித்தார். யாரோ ஒரு வாடிக்கையாளர் செய்யச் சொல்லிவிட்டு வாங்க வராமல் போன கண்ணாடி அது. கடையில் எட்டு மாதம் தூங்கியது. பவரை ஒப்பிட்டுப் பார்த்தார், கிட்டத்தட்ட அண்ணனுடையதுதான். விழாவில் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றியுரை ஆற்றிய ரூல்ஸ், மேடையிலிருந்து இறங்கும்போது இல்லாத படியில் காலை வைத்தார். முப்பத்தைந்து வருஷம் ஊர் நிலத்தையெல்லாம் அளந்த மனிதர் ஒன்றரை அடி உயரத்தைத் தப்பாக அளந்து, மொத்த அலுவலகத்தின் முன்னால் குப்புற விழுந்தார்.

"எவனோ ஒருத்தனுக்குச் செஞ்சதை எனக்கு மாட்டி விட்டியாடா? சொந்த அண்ணனுக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடியா? இனிமே உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

இப்போது அந்த ஊரிலிருந்து, ரூல்ஸ் குடியிருந்த அறையின் சொந்தக்காரி, வீட்டுக்கார அம்மாள் போன் செய்திருந்தாள். முந்தின நாள் மத்தியானம் ரூல்ஸுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இன்று மூன்று மணிக்கு இருதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அதற்குள் ஒரு தடவை அண்ணன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆஃபர் துடித்தார். அதில் பொய்யே இல்லை. பார்த்து என்ன சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. முழு விலை கொடுத்து டிக்கெட் எடுத்தும் பழக்கமில்லை.

ரயில் ஆறு மணிக்கே போய்விட்டது. பதினொரு மணிக்கு ஒரு விமானம் இருந்தது. அதைத்தான் அவர் தடவிக்கொண்டிருந்தார். ஒரே போனில் திரும்பத் திரும்பப் பார்த்தால் நம் அவசரத்தைத் தெரிந்துகொண்டு விலையை ஏற்றுவார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஆகவே மனைவியின் போனில் பார்த்தார். அதிலும் விலை கூடுதலாகத்தான் காட்டியது. கடையின் போனை எடுத்து வந்தார். பிறகு எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த டியூஷன் டீச்சரிடம் போய் அவள் போனையும் கடன் வாங்கி வந்தார். நான்கு போன்களையும் தையல் மெஷின் மேல் வரிசையாக வைத்தார்.

நான்கிலும் ஒரே அறிவிப்பு வந்தது. 'இந்த இருக்கைகளை இப்போது நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.'

"பாத்தியா, போட்டி ஜாஸ்தியாயிடுச்சு. யாரோ நாலு பேர்" என்றார் ஆஃபர் கவலையோடு.

மனைவி நான்கு போன்களையும் ஒருமுறை பார்த்தாள், அவரையும் ஒருமுறை பார்த்தாள். விலை அடுத்த படிக்கு ஏறியது.

அப்போதுதான் டியூஷன் டீச்சர், போனைத் திரும்ப வாங்க வந்தவள், ஒரு யோசனை சொன்னாள். குடும்பத்தில் யாருக்காவது உடம்புக்கு ஆபத்து என்றால் விமானக் கம்பெனிக்காரர்கள் சலுகை தருவார்களாம். சலுகை என்ற சொல் காதில் விழுந்ததும் ஆஃபரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உடனே போன் போட்டார். மறுமுனையில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். சலுகை உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நர்ஸ் எடுத்தாள். கடிதம் தரலாம், நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனாள். ஸ்பீக்கரில் அவள் செருப்புச் சத்தம் போவதும் வருவதும் கேட்டது.

"சார், பேஷண்ட் தனக்குத் தம்பியே இல்லைங்கறார்."

ஆஃபர் ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடினார்.

"அப்படியே இருந்தாலும் கிட்டத்தட்டத் தம்பிதான், அதை அப்படியே எழுதிக் குடுத்தா செல்லுமான்னு கேக்கச் சொன்னார் சார்."

டியூஷன் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அந்த வீட்டில் இனி மோர்கூட வாங்க முடியாது என்பதால் போனை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஆஃபர் போனை வைத்தார். "பேச்சு கணீர்னுதான் இருக்கு போல" என்று மட்டும் சொன்னார். மனைவி பையில் துணிகளைத் திணித்தாள்.

இந்தக் கூத்து முடிந்து பார்த்தபோது விமானத்தில் இடமே இல்லை. அந்த நான்கு பேருக்கு மேல் ஐந்தாவதாக யாரோ உண்மையாகவே இருந்திருக்கிறான்.

"பஸ்ஸைப் பாருங்க. விலையைப் பாக்காதீங்க, நேரத்தைப் பாருங்க" என்றாள் மனைவி.

ஆஃபர் நேரத்தைத்தான் பார்த்தார். காலை எட்டே முக்கால், குளிர்சாதன பஸ், ஜன்னலோரம் இரண்டு இடம். ஆனால் பக்கத்திலேயே அறுபது சதவீதத் தள்ளுபடி என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தால் மனிதன் என்ன செய்வான்? கண்ணை மூடித் திறப்பதற்குள் அழுத்திவிட்டார். இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினார்கள். நடத்துநர் போனை வாங்கி டிக்கெட்டைப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார், பிறகு இவர்களை அனுதாபத்தோடு பார்த்தார்.

"தேதி சரிதான் சார். மாசம்தான் அடுத்த மாசம்."

அடுத்த மாதம் என்ற சொல் கேட்டதும் மனைவி நடைபாதை ஓரத்தில் பையை வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் ஆஃபருக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் சத்தம் போடவில்லை.

"அடுத்த மாசம் அந்த ஊர்ல நமக்கு யாருங்க இருப்பாங்க?" என்று கேட்டாள்.

ஆஃபர் முதல் தடவையாகப் போனைச் சட்டைப் பையில் போட்டார். தெரு முனை டிராவல்ஸ்காரரிடம் போய், விலை என்ன என்று கேட்காமல், "எது கிடைச்சாலும் பரவாயில்ல, மூணு மணிக்குள்ள போகணும்" என்றார். டிராவல்ஸ்காரர் பத்து வருஷமாக அவரைப் பார்ப்பவர். அப்படி ஒரு வாக்கியத்தை அந்த வாயிலிருந்து கேட்டதில்லை. பயந்துபோய் நாலு இடத்துக்குப் போன் அடித்தார்.

வாடகைக் கார் எல்லாம் போய்விட்டிருந்தது. ஒரே ஒரு வண்டி இருந்தது. ஒன்பது மணிக்கு அந்த ஊருக்குக் காலியாகப் போகிறது. அங்கிருந்து திரும்புவதற்கு ஒரு சவாரி இருக்கிறதாம், போகும்போது யார் ஏறினாலும் டிரைவருக்கு லாபம்தான். டீச்செலவு மாதிரி ஏதோ கொடுத்தால் போதும். நேராக ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிடுவான்.

"இவ்வளவு கம்மியா?" ஆஃபரின் முகத்துக்குப் பழைய ரத்தம் திரும்பியது. "ஏசி உண்டா?"

"ஏசி பலமா இருக்கும்" என்றார் டிராவல்ஸ்காரர். "ஆனா பின்னாடிதான் இருக்கும்."

வண்டி என்ன வண்டி என்று அவர் சொன்னதும் ஆஃபர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரே நிபந்தனை போட்டார். வண்டி நம் தெருவுக்குள் வரக் கூடாது. வீட்டு வாசலில் நின்றால் யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெருக்காரர்கள் நாங்கள் அப்படி என்ன பேசிவிடப் போகிறோம், விடுங்கள். இரண்டு தெரு தள்ளி, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் போய் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு.

அங்கே நின்றிருந்த வண்டியின் நெற்றியில் 'இறுதிப் பயண ஊர்தி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் துணைக்கு வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு.

மனைவி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இதுல போய் உங்க அண்ணனைப் பாக்கணுமா?"

"சீக்கிரம் போகும்மா. எல்லாரும் வழி விடுவாங்க."

டிரைவர் இளைஞன், கல்யாணமாகாதவன், நல்ல பேச்சுக்காரன். "முன்னாடி உக்காருங்கக்கா, தினம் கழுவுறேன்" என்று கதவைத் திறந்துவிட்டான். அவள் முன்னால் ஏறினாள். ஆஃபர் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வழி விட்டார்கள் என்பது உண்மை. லாரிகள் ஒதுங்கின. சிக்னலில் நின்றவர்கள் தலை குனிந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையை ஆஃபர் கண்டதில்லை. முதல் ஒரு மணி நேரம் பதிலுக்குத் தலையசைத்துக்கொண்டே வந்தார்.

பாதி வழியில் டீக்கடை ஒன்றில் நிறுத்தினார்கள். கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், ஆஃபரின் கலைந்த தலையைப் பார்த்தார். டீ கொடுத்துவிட்டு, காசை வாங்க மறுத்துவிட்டார். இந்த நேரத்தில் போய்க் காசா என்றார். ஆஃபர் இரண்டாவது டீயும் வாங்கினார். முன் சீட்டிலிருந்து மனைவி பார்த்த பார்வையில் டீயே ஆறியிருக்கும்.

"யாருங்க தவறினது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"யாரும் இல்ல... அண்ணன்" என்றார் ஆஃபர். "இன்னும் இல்ல. மூணு மணிக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. டம்ளரைப் பிடித்தபடி நின்றவாறே அழுதார். இருபது வருஷத்தில் அவர் அழுது மனைவி பார்த்ததில்லை. இறங்கி வந்து டம்ளரை வாங்கி வைத்தாள். இரண்டு டீக்கும் காசை எடுத்துக் கல்லா மேல் வைத்துவிட்டு, அவரைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள்.

இரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரி வந்தது. தன் சவாரி தயாரா என்று விசாரிக்க டிரைவர் ஒரு பக்கம் போனான், இவர்கள் ஒரு பக்கம் ஓடினார்கள்.

மாடியில் கட்டிலில் ரூல்ஸ் ஒரு படிவத்தை மூக்குக்கு நேரே தூக்கி, சாய்த்து, தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் படிவம். கையெழுத்துப் போடும் முன்பு நாலு பக்கத்தையும் படித்தாக வேண்டும் என்று நர்ஸைக் காக்க வைத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

ஆஃபர் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் மூக்கைப் பார்த்தார். அதே கண்ணாடி. ஒரு காது பக்கம் உடைந்து, நூல் சுற்றியிருந்தது.

"இதையா இன்னும் போட்டிருக்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு."

"அதுல உனக்கு எதுவும் சரியாத் தெரியாதேண்ணா."

"கிட்டத்தட்டத் தெரியுது" என்றார் ரூல்ஸ். படிவத்தை மடியில் வைத்துவிட்டு, "எதுலடா வந்த?" என்றார்.

"ஃப்ளைட்ல."

"ஃப்ளைட்லயா? நீயா?" ரூல்ஸ் கண்ணாடியைக் கழற்றித் தம்பியை நன்றாகப் பார்த்தார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஃபர் படிவத்தை வாங்கி நாலு பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டினார். உறவு என்ற இடம் வந்தது. தம்பி என்று தானே எழுதினார். ரூல்ஸ் ஆட்சேபிக்கவில்லை. 'ம்' மேல் புள்ளி சரியாக விழவில்லை என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை கீழே கேன்டீனில் டிரைவரைப் பார்த்தபோது அவன் ரத்தப் பரிசோதனைப் பிரிவுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். திரும்பும் சவாரி இல்லை என்று ஆகிவிட்டதாம். அதனால் அவன் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. அந்தப் பெண் வேலைக்குத் திரும்பும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கிளம்பினான்.

பத்து நாள் கழித்து டாக்டர், இவரைத் தனியாக விடக் கூடாது என்றார். தம்பி வீட்டுக்கு வர ரூல்ஸ் ஒப்பவில்லை. வாசப்படியை மிதிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாக இரண்டு நாள் வாதாடினார். கடைசியில் ஆஃபர் அவரை நாற்காலியோடு தூக்க ஆள் ஏற்பாடு செய்து, படியில் கால் படாமல் வீட்டுக்குள் கொண்டு வந்து வைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து ஆஃபர் அந்தப் பெருமையைச் சொல்லாத இடமில்லை. கடைக்கு யார் கண் பரிசோதனைக்குப் போனாலும், பலகையில் முதல் எழுத்தைப் படிப்பதற்குள் கதை ஆரம்பமாகிவிடும். "பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம். எங்க அண்ணன் தானா இந்த வீட்டுக்கு வர்ற ஆளே இல்ல. நான்தான் விடாம இழுத்துட்டு வந்தேன்." ஜன்னலோரம் பேப்பர் படிக்கும் ரூல்ஸ் அதை மறுத்ததே இல்லை. இப்போது அவர் போட்டிருப்பது மூன்று தடவை அளந்து, முழு விலை லென்ஸ் போட்டுச் செய்தது. அதனால் ஒரு சங்கடம். அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. டியூஷன் டீச்சரின் ஸ்கூட்டர் தெரு எல்லைக்குள் ஆறு அங்குலம் நீட்டிக்கொண்டிருப்பதைத் தினமும் டேப்பால் அளந்து சொன்னார். அவள் மூன்றாவது மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு பின் தெருவுக்குப் போய்விட்டாள். ஒற்றை அறையை விட்டு அவர் வந்துவிட்டதில், அங்கே அந்த வீட்டுக்கார அம்மாள் மகனுக்குக் கல்யாணம் செய்து அதில் குடிவைத்துவிட்டாளாம்.

ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வந்தான். கையில் கல்யாணப் பத்திரிகை. பெண் அந்த ரத்தப் பரிசோதனைப் பிரிவுப் பெண்தான். தெருவில் யாரிடமும் வழி கேட்காமல் நேராக ஆஃபர் வீட்டு வாசலில் நின்று, பெரியவர் இருக்கிறாரா என்றான். கதவைத் திறந்த ஆஃபரைக் கண்டதும் அவனுக்கே ஆச்சரியம்.

"நீங்களும் இந்த வீடுதானா சார்?"

"இருப்பா. நாங்க பெட்ரோல் பங்குலதானே ஏறினோம்? உனக்கு இந்த வீடு எப்படித் தெரியும்? எங்க அண்ணனை எப்படித் தெரியும்?"

முன் அறையில் பேப்பர் சட்டென்று உயர்ந்து ரூல்ஸின் முகத்தை மறைத்தது.

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? அன்னிக்கு வண்டியை வரச் சொன்னதே பெரியவர்தானே. ஆபரேஷன்ல போயிட்டா நேரா இங்க, தம்பி வீட்டு முன் ரூம்ல, ஜன்னல் பக்கமா இறக்கணும்னு முந்தின நாளே விலாசத்தோட எல்லாத்தையும் எழுதி அனுப்பியிருந்தாரு."